சேற்றில் ஆடிய இரண்டு இன்னிங்ஸ்

போன வாரம் பழைய பள்ளிக்கு ஒரு பிரியாவிடை விருந்துக்கு வந்திருந்தேன். ஆசிரியர் அறையின் மூலையில் நீங்கள் நால்வரும் புதிய பொறுப்புப் பட்டியலைப் பார்த்தபடி நின்ற நிற்பை மறக்க முடியவில்லை. ஒருவர் படித்தது வேதியியல், கிடைத்தது வலைப்பந்து. இன்னொருவர் வாழ்நாளில் ஓடியதே பேருந்தைப் பிடிக்கத்தான், அவர் கையில் திடல்தடக் குழு. எனக்குச் சிரிப்பு வந்தது. மன்னியுங்கள். சிரித்ததற்கு ஈடாகத்தான் இதை எழுதுகிறேன்.

ஓய்வு பெற மூன்று ஆண்டுகள் இருந்தபோது எனக்கும் இதுவே நடந்தது. நான் வரலாற்று ஆசிரியை. அதுவரை மேடைப் பேச்சு, நூலகம், சாரணியர் என்று நிழலில் செய்யும் வேலைகளாகப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டின் முதல் கூட்டத்தில், சலவை இயந்திரம் பழுதுபார்ப்பவர் அழைக்கிறார் என்று வெளியே போனேன். ஐந்து நிமிடம்தான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

"டீச்சர், போலா லீசுட் உங்களுக்கு" என்றார் தலைமையாசிரியர்.

சாஃப்ட்பாலைத்தான் மலாயில் அப்படிச் சொல்கிறோம் என்பதுகூட அன்று மாலை கைப்பேசியில் தேடித்தான் தெரிந்தது. கூட்டத்தின் நடுவே எழுந்து போகாதீர்கள் என்பதை முதல் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளி போர்ட் கிள்ளானில் இருக்கிறது. திடலுக்கு அந்தப் பக்கம் கொள்கலன் லோரிகள் நாள் முழுக்கப் போகும். முதல் பயிற்சிக்குப் புதுத் தொப்பி, கழுத்தில் விசில் என்று முழு அலங்காரத்தோடு போனேன். பதினான்கு பெண்கள் இருந்தார்கள். ஆட்டம் கொஞ்சம் சூடுபிடித்ததும் ஏதோ தவறு நடந்ததுபோலத் தோன்றியது. விசிலை ஊதினேன். எல்லோரும் அப்படியே நின்றார்கள். பந்து வீசிக்கொண்டிருந்த படிவம் நான்கு மாணவி ஷர்மிளா என்னிடம் மெதுவாக நடந்து வந்தாள்.

"டீச்சர், இதுல விசில் கிடையாது."

"பின்ன எப்படி நிறுத்துறது?"

"அம்பயர் கையத் தூக்குவாரு. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் டீச்சர். அங்க நிழல் இருக்கு, உக்காருங்க லா."

அவள் கிண்டல் செய்யவில்லை. உண்மையான அக்கறையோடு சொன்னாள். அதுதான் அதிகம் வலித்தது. மறுநாள் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, "எனக்கு இந்த ஆட்டம் தெரியாது, சொல்லிக்கொடுங்கள்" என்றேன். பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்றும் புரியவில்லை. ஆனால் அதன் பிறகு என்னை நிழலுக்கு அனுப்பவில்லை. தெரியாது என்பதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துச் சொன்னால், இத்தனை நாள் ஏமாற்றியதாக எடுத்துக்கொள்வார்கள். அதில் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

எனக்கு உண்மையில் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் சுபாங் ஜெயா பள்ளி ஒன்றின் பெண் பயிற்சியாளர். என்னைவிட இருபது வயது சின்னவர். அவருடைய குழு சில ஆண்டுகளாக மாநிலக் கோப்பையை வீட்டுச் சாமான்போல வைத்திருந்தது. நட்பு ஆட்டத்துக்காக எங்கள் திடலுக்கு வந்தவர், நான் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் கைப்பேசி எண்ணைக் கேட்டார்.

"நீங்க ஏன் எனக்கு உதவி செய்யணும்?" என்று கேட்டேன்.

"எங்க பிள்ளைங்களுக்குப் பயம் விட்டுப்போச்சு அக்கா. பயிற்சிக்கு லேட்டா வருதுங்க. யாராவது கொஞ்சம் நல்லா ஆடினாத்தான் எனக்கு வேலை நடக்கும்."

அப்படிப்பட்டவருக்கு நான் முதலில் அனுப்பிய செய்தி, மாவட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் நான் செய்த காரியத்தைப் பற்றியது. ஆட்டத்துக்கு முன் மட்டை பிடிக்கும் வரிசையை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். யார் முதலில், யார் அடுத்து என்பது பெரிய யோசனைக்குரிய விஷயம் என்று எனக்குத் தெரியாது. முப்பது ஆண்டுப் பழக்கம், வருகைப் பதிவேட்டில் இருந்த அகர வரிசையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு மாற்ற முடியாது.

பட்டியலைப் பார்த்த ஷர்மிளாவின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம். எங்களில் நன்றாக அடிப்பவர்கள் எல்லாம் எட்டாவது, ஒன்பதாவது இடத்தில் இருந்தார்கள். முதலில் ஆர்த்தி. குழுவிலேயே சின்னப் பெண், படிவம் இரண்டு, அதுவரை ஒரு பந்தைக்கூட மட்டையால் தொட்டதில்லை. அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

"டீச்சர், நான் என்ன செய்யட்டும்?"

"சும்மா நில்லும்மா" என்றேன். அதைத் தவிர என்ன சொல்ல.

அவள் சும்மா நின்றாள். எதிரணிப் பெண் வீசிய பந்துகள் அந்தக் குட்டி உடம்புக்கு மேலேயும் வெளியேயும் போயின. நான்கு பந்து அப்படிப் போனால், ஓடிச் சுற்ற வேண்டிய நான்கு தளங்களில் முதலாவதற்கு ஓசியில் போகலாம். போனாள். அன்று மூன்று முறை அப்படியே போனாள். இரண்டு முறை சுற்றி வந்து ஓட்டம் எடுத்தாள். நாங்கள் வென்றோம்.

பெற்றோர் சிலர் வந்து, "அருமையான திட்டம் டீச்சர்" என்றார்கள். நான் தலையை லேசாக அசைத்துக்கொண்டேன். ஆமென்றும் இல்லையென்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய அசைப்பு. ஷர்மிளா பக்கத்தில் நின்று வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். அன்று மாலை சுபாங் பயிற்சியாளருக்கு உண்மையை எழுதினேன். இப்படிப் பதில் வந்தது: "அந்தப் பொண்ண அங்கேயே வைங்க. மத்தத அழிச்சு எழுதுங்க. உங்க பிள்ளைங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுருங்க." கேட்டேன். உங்கள் தவறு தற்செயலாக வெற்றியில் முடியும் நாள்தான் மிகவும் ஆபத்தானது. தோற்றால் ஊரே திருத்திவிடும். வென்றால் நீங்களேதான் திருத்திக்கொள்ள வேண்டும்.

மாவட்டக் கோப்பை கிடைத்தது. மாநிலப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது குழு உடைந்தது. எப்படி என்றால், ஒரு பயிற்சியில் ஆர்த்தி லேசான பந்தைக் கைவிட்டாள். "கண்ணு எங்க இருக்கு உனக்கு?" என்று ஷர்மிளா எல்லோர் முன்னாலும் கத்தினாள். அன்று இரவு ஆர்த்தி வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினாள். அவளுக்கு ஆதரவாக இன்னும் நால்வர். உங்கள் வயதுக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? சொற்பொழிவு ஆற்றினேன். மலாக்கா எப்படி வீழ்ந்தது, உள்ளே இருந்தவர்களுக்குள் ஒற்றுமை இல்லாததால் என்ன ஆனது என்று நாற்பது நிமிடம். தேர்வுக்கு வரக்கூடிய பகுதி வேறு, அதனால் நன்றாகவே சொன்னேன். அடிப்பவளுக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் நூருல் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினாள். முடிந்ததும் இரண்டு கூட்டமும் தனித்தனி வாசலில் வெளியேறின.

மறுபடியும் சுபாங்குக்குத்தான் அழைத்தேன்.

"எவ்வளவு நேரம் பேசினீங்க அக்கா?"

"நாப்பது நிமிஷம்."

நிமிடக் கணக்கை இன்னொரு முறை சொல்ல வைத்தார். பிறகு, "இனிமே பேசாதீங்க. ரெண்டு பேருக்கும் சேந்தாப்ல ஒரு வேல குடுங்க. தனியா செய்ய முடியாத வேலையா இருக்கணும்" என்றார்.

திடல் ஓரத்தில் பெரிய கால்வாய், பிள்ளைகள் லொங்காங் என்பார்கள். அதில் பல பந்துகள் விழுந்து கிடந்தன. ஒருத்தி உள்ளே இறங்க வேண்டும், ஒருத்தி மேலே நின்று வாளியைப் பிடிக்க வேண்டும். இருவரையும் அனுப்பினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு பேச்சும் இல்லை. பிறகு கால்வாய்க்குள்ளிருந்து என் குரல் கேட்டது. நான் இங்கே நிற்கிறேன், என் குரல் அங்கே. "மலாக்கா ஏன் வீழ்ந்தது மாணவிகளே" என்று ஷர்மிளா அச்சு அசலாக என்னைப்போலப் பேசிக்கொண்டிருந்தாள். மேலே ஆர்த்தி வாளியைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பதினோரு பந்தும் ஒரு செருப்பும் கிடைத்தன. நான் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து உங்களைக் கேலி செய்தால் குறுக்கே போகாதீர்கள். உங்கள் மரியாதையைவிடப் பெரிய வேலை ஒன்று அங்கே நடந்துகொண்டிருக்கும்.

இப்போது இறுதியாட்டத்துக்கு வருகிறேன். எதிரில் யார் என்று ஊகித்திருப்பீர்கள். சுபாங்தான்.

ஷா ஆலமில் ஒரு திடல், சனிக்கிழமை பிற்பகல். இரண்டு அணியும் ஒவ்வொரு முறை மட்டை பிடித்தால் ஒரு இன்னிங்ஸ், மொத்தம் ஏழு. அன்று ஷர்மிளா வீசிய பந்தில் என்னவோ இருந்தது. ஐந்தாவது முடிந்தபோது நான்குக்கு மூன்று என்று நாங்கள் முன்னால் இருந்தோம். அப்போது மழை கொட்டியது. நம் ஊர் நாலு மணி மழை. இடி வேறு. நடுவர் எல்லோரையும் கூடாரத்துக்குள் போகச் சொன்னார்.

ஐந்து இன்னிங்ஸ் முடிந்துவிட்டால், மழையால் நின்ற ஆட்டமும் முழு ஆட்டமாகவே கணக்கு. முன்னால் இருப்பவர் வென்றவர். இந்த விதியை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே எதிர்க் கூடாரத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பயிற்சியாளர்தான்.

முக்கால் மணி நேரத்தில் மழையும் இடியும் அடங்கின. திடலில் அங்கங்கே தண்ணீர். பந்து வீசும் வட்டம் சேறாகிக் கிடந்தது. கழுத்தில் துண்டோடு தலைமை நடுவர் எங்கள் பக்கம் வந்தார். மலாய்க்காரர், நிதானமான மனிதர். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: வானம் சரியாகிவிட்டது, தரைதான் இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கிறது; ஆடலாம் என்றாலும் தப்பில்லை, ஆபத்து என்றாலும் தப்பில்லை; பிள்ளைகளின் பாதுகாப்பு கருதி வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் ஆட்டத்தை முடித்துவிடுவேன்.

முடித்தால் கோப்பை எங்களுக்கு. போர்ட் கிள்ளானின் ஒரு சின்னப் பள்ளிக்கு, விசில் ஊதிய டீச்சருக்கு.

சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். காரணமும் தயாராக இருந்தது. நல்ல காரணம். சேற்றில் கால் வழுக்கினால் ஷர்மிளாவின் முட்டி போய்விடும். எந்தப் பெற்றோரும் ஒப்புக்கொள்வார்கள். எதிர்க் கூடாரத்தைப் பார்த்தேன். அவருடைய பிள்ளைகள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் குனிந்து தன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்து, அவிழ்த்து, மறுபடியும் கட்டினார். என்னைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. நாங்கள் மூன்று, அவர்கள் நான்கு என்று இருந்திருந்தால் இந்தத் தரை எனக்கு ஆபத்தாகத் தெரிந்திருக்குமா? பதில் உடனே வந்தது. வந்த வேகம் வெட்கமாக இருந்தது.

சரியான காரணமும் உங்களுக்கு வசதியான காரணமும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வரும் நேரம் இருக்கிறதே, அதில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். அதற்காக, வசதியாக இருப்பதாலேயே காரணம் பொய்யாகிவிடாது. முட்டி முட்டிதான். அதனால் நடுவரிடம் பத்து நிமிடம் கேட்டேன். தரையை நானே பார்க்கிறேன் என்று வட்டத்துக்கு நடந்தேன். மூன்றாவது அடியில் வழுக்கி, இரண்டு பள்ளிகளின் முன்னால், பொத்தென்று சேற்றில் உட்கார்ந்தேன்.

 இரண்டு கூடாரங்களும் சிரித்தன. நடுவர் மட்டும் மரியாதைக்காகச் சிரிக்காமல், "அப்படியானால் ஆபத்து என்று எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார்.

"என் சப்பாத்து சரியில்லை. பிள்ளைகளின் சப்பாத்துக்கு அடியில் பிடிப்புக்கு ஆணி இருக்கிறது" என்றேன்.

பிள்ளைகள் அதற்குள் இறங்கிவிட்டார்கள். எங்கள் பெண்கள் ஐஸ் பெட்டி மூடியால் தண்ணீரை அள்ளினார்கள். சுபாங் பெண்கள் பஞ்சும் துண்டும் கொண்டு வந்தார்கள். திடல் ஊழியர் இரண்டு மூட்டை மரத்தூள் கொண்டு வந்து கொட்டினார். நான் சுபாங் பயிற்சியாளரிடம் போய், "ரெண்டு பேரும் பத்துப் பத்துப் பந்து போட்டுப் பாக்கட்டும். ஒருத்திக்கு வழுக்கினாலும் நான் நிறுத்தச் சொல்லிருவேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றேன். அவர் தலையாட்டினார்.

ஷர்மிளா பத்துப் பந்து போட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அது ஆடணும் என்றுதான் சொல்லும். பாதத்தைப் பார்த்தேன். ஊன்றிய இடத்தில் நின்றது. அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கும் நின்றது. ஆடலாம் என்று நடுவரிடம் சொன்னேன்.

ஆறாவது இன்னிங்ஸில் ஒன்றும் நடக்கவில்லை. ஏழாவதில் சுபாங் ஒரு ஓட்டம் எடுத்துச் சமன் செய்தது. இரண்டு பேர் ஆட்டமிழந்திருந்தார்கள், மூன்றாவது ஆளும் போனால் அவர்கள் முறை முடியும்; ஆனால் இன்னொருத்தி மூன்றாவது தளத்தில் நின்றாள். அவள் வந்துவிட்டால் அவர்கள் முன்னால். நான் நேரம் கேட்டு வட்டத்துக்கு நடந்தேன். இந்த முறை மெதுவாக.

"டீச்சர், இப்ப வருத்தமா இருக்கா?" என்று ஷர்மிளா கேட்டாள்.

பெரிய வார்த்தை ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "ஆமா" என்றேன்.

"எனக்கும் தான் லா. கப்பு இந்நேரம் பஸ்ல இருந்திருக்கும்."

ரகசியம் பேசுகிறீர்களா, தனக்கும் சொல்லுங்கள் என்று நூருல் மலாயில் கேட்டாள். சொன்னோம். தனக்கும் வருத்தம்தான் என்றாள். மூன்று பேரும் வருத்தப்பட்டுக்கொண்டு சேற்றில் நின்றோம். ஏனோ எனக்குச் சிரிப்பு வந்தது, அவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. நடுவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அடுத்த பெண்ணை ஷர்மிளா நான்கு பந்தில் வெளியேற்றினாள்.

எங்கள் முறை வந்தது. எங்கள் மெய் லிங் இரண்டாவது தளத்தில் நிற்க, நூருல் ஓர் அடி அடித்தாள். சாதாரண அடிதான். காய்ந்த தரையாக இருந்தால் எகிறி நேராகச் சுபாங் பெண்ணின் கைக்குப் போயிருக்கும். பந்து பாதி வழியில் ஒரு குட்டையில் விழுந்து, தட்டில் வைத்த இட்லிபோல உட்கார்ந்துவிட்டது. அந்தப் பெண் ஓடி வந்து எடுப்பதற்குள் மெய் லிங் கடைசித் தளம் வரை சறுக்கிக்கொண்டே வந்து சேர்ந்தாள். ஐந்துக்கு நான்கு. ஆடலாமா, வேண்டாமா என்று இவ்வளவு யோசித்த பிறகு, எங்களுக்கு வென்றுகொடுத்தது மழைத்தண்ணீர்தான்.

பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து அழுதார்கள், சிரித்தார்கள். எல்லாம் அடங்கிய பிறகு வாகன நிறுத்துமிடத்தில் சுபாங் பயிற்சியாளரைப் பார்த்தேன். மட்டைகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன், ஒப்புக்கொள்கிறேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உங்க இடத்துல இருந்திருந்தா நிறுத்தியிருப்பேன் அக்கா" என்றார்.

"ஏன்?"

"பிள்ளைங்க கால். பத்துப் பந்துல வழுக்கல, சரி. அம்பதாவது பந்துல வழுக்கியிருந்தா? யாருக்கும் அடிபடல. அதனால இன்னிக்கி நீங்க நல்லவங்க."

காரின் பின்கதவைச் சாத்திவிட்டு, "அடுத்த வருஷம் பாப்போம்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். தோற்ற எரிச்சலில் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று பிறகு நான் கேட்டதில்லை. அவர் சொன்னதற்கு என்னிடம் இன்றுவரை பதிலும் இல்லை. ஆகவே, நான் செய்ததுபோலவே செய்யுங்கள் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். நிறுத்துவதாக இருந்தாலும் ஆடுவதாக இருந்தாலும், யாருக்காகச் செய்கிறோம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

எங்களைச் சேறும் சகதியுமாகப் பார்த்த பேருந்து ஓட்டுநர் முதலில் ஏற்ற மறுத்தார். பிறகு இருக்கைகளில் செய்தித்தாளைப் பரப்பி ஏற்றிக்கொண்டார். எனக்கு மட்டும் இரண்டு மடங்கு செய்தித்தாள். ஷா ஆலம் தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த ஷர்மிளா, "அந்தக் கோச் உங்ககிட்ட என்ன சொன்னாங்க?" என்றாள்.

"நல்லா ஆடினீங்கன்னு சொன்னாங்க."

"பொய்."

சொன்னேன். அவள் முட்டியில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"அவங்க நிறுத்தியிருந்தா, அவங்க டீம்ல பந்து போடுற பொண்ணு அவங்ககூட ஒரு மாசம் பேசியிருக்க மாட்டா."

"நான் நிறுத்தியிருந்தா நீ?"

நேர்மையாகவே யோசித்தாள். "மூணு நாள் டீச்சர். அதுக்கப்புறம் கப்பப் பாத்துட்டுப் பேசியிருப்பேன்."